மெர்வியின் மூன்று நொடி

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர இருபத்துநான்கு மணி நேரம் ஆகவேண்டும் என்று முடிவு செய்தவள் மெர்வி கெஸ்கிதாலோ. அதற்கு முன்பெல்லாம் பூமி தன் இஷ்டத்துக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் மெர்வி ஸ்டாப்வாட்சும் கையுமாகப் போய் நின்று, "இப்படி நெனச்ச நேரத்துக்கு விடிஞ்சா ஜனங்க வேலைக்குப் போறது எப்படி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அன்றிலிருந்து ஒழுங்காகிவிட்டது. பின்லாந்தில் எங்கள் ஊரான குவோப்பியோவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொல்கிறவர்கள் ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் ஏறாதவர்களாக இருப்பார்கள்.

அந்த பஸ்ஸை மெர்வி பதினோரு வருஷம் ஓட்டினாள். நிறுத்தத்துக்கு அரை நிமிஷம் முன்னதாக வந்துவிட்டால் அந்த அரை நிமிஷமும் அங்கேயே நிற்பாள். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தாலும் அசையமாட்டாள். "லேட்டா வந்த பஸ்ஸைத் திட்டுவாங்க, மறந்துடுவாங்க. முன்னாடியே போயிட்ட பஸ்ஸை சாகிற வரைக்கும் மறக்கமாட்டாங்க" என்பாள். பிறகு முதுகு கெட்டுப்போனது. வேலைவாய்ப்பு அலுவலகம் அவளை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களில் ஓட்டை கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

நான் அவளைச் சந்தித்தபோது எனக்குப் பதினாறு. மேல்நிலைப் பள்ளியை நான் விட்டுவிட்டேன், அல்லது பள்ளிக்கூடம் என்னை விட்டது. இதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. தொழிற்பள்ளியில் சேர்ந்தேன். அவர்கள் என்னைப் பதினோரு வாரப் பயிற்சிக்கு, துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பளக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்கள். முதல் நாளே எல்லோருடைய மௌஸுக்கும் அடியில் காகிதம் ஒட்டினேன். இரண்டாம் நாள் சாக்லேட் கிண்ணத்தில் உப்பு மிட்டாயைக் கலந்தேன். மூன்றாம் நாள் முதல் சுவர்க் கடிகாரத்தைத் தினமும் நாலு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன், காபி சீக்கிரம் வருமே என்று. மெர்வி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடிகாரத்தைப் பார்ப்பாள், சரிசெய்வாள், என்னை ஒரு பார்வை பார்ப்பாள், போய்விடுவாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தனியாக இருக்கும் வயதானவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் ஒரு வளை இருக்கிறதே, விழுந்தால் அமுக்குவதற்கு ஒரு பொத்தானோடு, அதற்குள் ஓடும் புரோகிராம்தான் எங்கள் கம்பெனியின் சரக்கு. பொத்தானை அமுக்கினால் வளை, உதவிக்கு ஆள் அனுப்பும் மையத்தின் முதலாவது சர்வரைக் கூப்பிடும். மூன்று நொடி வரை பதில் வராவிட்டால் இரண்டாவது சர்வரைக் கூப்பிடும். அவ்வளவுதான்.

யாராவது புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாலும், அதைச் சோதிக்க மெர்வி எழுதிய இருநூறு சொச்சம் டெஸ்டுகளும் எட்டு கம்ப்யூட்டர்களில் பங்கு போட்டுக்கொண்டு ஓடும். எல்லாம் தேறினால் சுவரில் பச்சை விளக்கு. ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு எரியவிட்டவர் பேக்கரிக்கு நடந்து போய் இரண்டு மணிக் காபிக்கு எல்லோருக்கும் ஏலக்காய் பன் வாங்கிவர வேண்டும். அதுதான் அங்கே சட்டம். அதனாலேயே எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம். சிவப்பு எரிந்தால் பக்கத்தில் இருப்பவன் பார்ப்பதற்குள் 'மறுபடி ஓட்டு' பொத்தானை அமுக்கிவிடுவார்கள். பாதி நேரம் பச்சையாகிவிடும். பழைய சிவப்பின் பதிவும் அதோடு அழிந்துவிடும்.

"தும்மிச்சு, விடு" என்பான் இல்போ. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன், இருபத்தாறு வயது.

"உன் மூக்கு தும்மும். டெஸ்ட் தும்மாது" என்பாள் மெர்வி.

அந்த இருநூறில் ஒன்றுக்கு மட்டும் பாவலி என்று பெயர் வைத்திருந்தாள். அது அவள் அப்பா பெயர். பக்கத்து ஊரான சீலின்யார்வியில் தனியாக இருந்தவர். நாலு வருஷம் முன்பு சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையின் வாசல்படியில் பனியில் வழுக்கி விழுந்து பொத்தானை அமுக்கியிருக்கிறார். முதல் சர்வர் வாயைத் திறக்கவில்லை. வளை அதன் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றது, இரண்டாவதிடம் போகவே இல்லை. கிழவர் நாற்பது நிமிஷம் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், குளிரில் உறைந்து விரல் இரண்டு போயிற்று. அந்த வாரமே மெர்வி அந்த டெஸ்டை எழுதினாள்.

"அது எப்படி வேலை செய்யுது?" என்று ஒருதரம் கேட்டேன். தூக்கம் வந்தது, பேச்சுக் கொடுத்தால் போகுமே என்றுதான்.

"ஒரு டாக்டர் வீடுன்னு வெச்சுக்கோ. உள்ள ஒரே பெஞ்சு, ரெண்டு பேர்தான் உட்காரலாம். நானே ரெண்டு பொய் நோயாளியை அனுப்பி பெஞ்சை நிரப்பிடறேன். அப்புறம் நம்ம வளை போய்க் கதவைத் தட்டுது. இடம் இல்ல, அதனால பதிலும் இல்ல. மூணு செகண்ட் நின்னு பாத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும். ரொம்ப நேரம் நின்னாலும் ஃபெயில், முன்னாடியே கிளம்பினாலும் ஃபெயில்."

"வீடு எங்க இருக்கு?"

"எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள்ளதான். தட்டறதும் அதுவே, தொறக்காம உட்காந்திருக்கறதும் அதுவே."

"எங்க மாமா மாதிரி."

மெர்வி சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் இல்போவிடம் அதையே தன் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பாவலி சிவப்பானது. மறுபடி ஓட்டினார்கள், பச்சை. மத்தியானம் மறுபடி சிவப்பு. புதன்கிழமை ஐந்து தடவை. 'மூன்று நொடிக்கு முன்பே கிளம்பிவிட்டது' என்று மட்டும் சொல்லும். மெர்வி தன் மேஜைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். நூறு தடவை ஓட்டினாலும் நூறும் பச்சை.

டைரக்டர் தர்மோ கொக்கோனென் நேராக என்னிடம் வந்தார். "மிந்து, இது உன் கைவரிசையா?"

"சத்தியமா இல்ல."

"உப்பு மிட்டாய்க்கும் இதேதான் சொன்ன."

"விடு தர்மோ" என்றாள் மெர்வி, திரும்பாமலே. "இவ செஞ்சிருந்தா மூஞ்சில ஒரு சிரிப்பு நிக்கும். இப்பப் பாரு, வலைல மாட்டின மீன் மாதிரி முழிக்கறா."

எனக்காக அதுவரை யாரும் அவ்வளவு அழகாக வாதாடியதில்லை.

தர்மோ பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு நகராட்சிக்குப் புது புரோகிராம் போயாகணும். அதுக்குள்ள அந்த டெஸ்ட் ஒழுங்கா இல்லைன்னா தூக்கிடுவேன், மெர்வி. பாதி நேரம் உளறற சாட்சியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"அது உளறல. நமக்குப் புரியல."

"வெள்ளிக்கிழமை."

"அதைத் தூக்கிட்டா அந்த மூணு செகண்டை யாரு பாத்துப்பா? நீயா?"

தர்மோ தன் அறைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மெர்வி காபி குடிக்க எழுந்திருக்கவில்லை. நான் கடிகாரத்தை நாலு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன். அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மத்தியானம் வரை அது தப்பாகவே ஓடியது. கடைசியில் நாற்காலி போட்டு ஏறி நானே சரிசெய்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த குறும்பை நானே அழித்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு சின்ன வேலை செய்தேன். டெஸ்டுகளை ஓட்டுகிற பட்டியலில் இரண்டு வரி சேர்த்தேன்: பாவலி சிவப்பானால் யாருக்கும் சொல்லாதே, ஐந்து நொடி பொறுத்து வேறொரு கம்ப்யூட்டரிடம் கொடு. இப்படி மூன்று தடவை வரை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த சிவப்பு என் தலையில்தான் விழும், பேக்கரிக்கு நடக்க எனக்குச் சோம்பல்.

ஒன்பது மணிக்கு எல்லாம் ஓடி முடிந்தது. பச்சை. தர்மோ கைதட்டினார். இல்போ விசிலடித்தான். மெர்வி மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"பதிமூணு" என்றாள்.

"என்ன பதிமூணு?" என்றார் தர்மோ.

"மூணு செகண்ட்ல முடியற டெஸ்ட். பதிமூணு ஆயிருக்கு."

நான் என் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தேன்.

மெர்வி பதிவைத் திறந்தாள். என் இரண்டு வரி பழைய சிவப்புகளை அழிக்காமல் அப்படியே வைத்திருந்தது, அது எனக்கே தெரியாது. இரண்டாம் கம்ப்யூட்டர், சிவப்பு. ஐந்து நொடி. மூன்றாம் கம்ப்யூட்டர், சிவப்பு. ஐந்து நொடி. ஆறாம் கம்ப்யூட்டர், மூன்று நொடி, பச்சை.

"இல்போ! ரெண்டுக்கும் மூணுக்கும் என்ன பண்ணின?"

எங்கள் சவோ வட்டாரத்து ஆட்களிடம் நேரான பதில் வாங்குவது கஷ்டம். "பண்ணினேன்னும் சொல்லலாம், பண்ணலன்னும் சொல்லலாம்" என்றான் இல்போ.

"பண்ணினதை மட்டும் சொல்லு."

"திங்கக்கிழமை நாலு மெஷினுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். மீதி நாலுக்கு அடுத்த வாரம்."

மெர்வி இரண்டாம் கம்ப்யூட்டரில் தன் கையாலேயே பெஞ்சை நிரப்பினாள். கதவைத் தட்டினாள். ஸ்டாப்வாட்சை அமுக்கக்கூட நேரமில்லை, பதில் வந்துவிட்டது: இடமில்லை, போ. ஆறாம் கம்ப்யூட்டரிலும் அதையே செய்தாள். மௌனம். இல்போ புது சிஸ்டத்தின் மாற்றக் குறிப்பைத் தேடி எடுத்தான். நாற்பது பக்கத்துக்குள் ஒரே ஒரு வரி: வரிசை நிரம்பியிருந்தால் இனி தட்டுகிறவரைக் காக்க வைக்காமல் உடனே திருப்பி அனுப்பப்படும்.

'மறுபடி ஓட்டு' அமுக்கும்போதெல்லாம் டெஸ்ட் வேறு ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போயிருக்கிறது. பழைய சிஸ்டத்தில் விழுந்தால் பச்சை. தடயமும் அழிந்தது. மெர்வியின் மேஜையில் இருந்தது பழைய சிஸ்டம். கம்பெனியில் இருந்த நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து மூன்று நாளாகப் பன் வாங்கப் பயந்து சாட்சியை ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்தோம்.

"அப்போ நம்ம வளையில தப்பே இல்ல" என்றார் தர்மோ. "இடமில்லைன்னு சொன்னா உடனே அடுத்த வீட்டுக்குப் போறது நல்லதுதானே? டெஸ்ட்தான் பொய்."

மெர்வி ஸ்டாப்வாட்சை மேஜையில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பனிமேல் யாரோ ஒருவர் மீன் பிடிக்கத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள். "நாலு வருஷமா நான் வளையைச் சோதிக்கல. இடம் இல்லைன்னா இந்த சிஸ்டம் பேசாம இருக்கும்ங்கற அதோட பழக்கத்தைச் சோதிச்சிருக்கேன். அது பழக்கத்தை மாத்திக்கிச்சு. எங்கிட்ட சொல்லிட்டா செய்யணும்?"

"அப்போ தூக்கிடலாமா?"

"மணி என்ன?"

"பத்தே கால்."

"பன்னெண்டுன்னுதானே சொன்ன? பன்னெண்டு வரைக்கும் நில்லு."

அப்புறம் அவள் தட்டச்சு செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் நோயாளிகளையும் பெஞ்சையும் தூக்கி எறிந்தாள். தானே ஒரு சின்ன சர்வர் எழுதினாள். கதவைத் திறக்கும், வந்தவரை உள்ளே விடும், அப்புறம் ஒரு வார்த்தை பேசாது. எந்த சிஸ்டத்தின் பழக்கத்தையும் நம்பாத மௌனம். அதன் முன்னால் வளை மூன்று நொடி நிற்க வேண்டும். கூடவே இன்னொரு டெஸ்ட்: உடனே விரட்டினால் உடனே அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பதினொன்று நாற்பதுக்கு எட்டு கம்ப்யூட்டரிலும் ஓட்டினாள். எட்டிலும் பச்சை. பாவலி பிழைத்துக்கொண்டார், இரண்டாவது முறையாக.

"சிவப்பு என்னோடது" என்று கோட்டை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பினாள்.

அந்த மாடியில் இப்போது யோகா சொல்லித் தருகிறார்கள். கம்பெனியைத் தெற்கே யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விளக்கு என்ன ஆயிற்றோ. இல்போ நார்வேயில். மெர்வி அப்பாவோடு இருக்கப் போய்விட்டாள், அங்கிருந்தே வேலை செய்கிறாள். எனக்கு இப்போது பதினெட்டு. எந்த விளக்கு சிவப்பாக எரிந்தாலும் ஏலக்காய் வாசனை வருகிறது. தெருவைத் தாண்டும்போது கொஞ்சம் ஆபத்துதான்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு எல்லோரும் பன் தின்றோம். அந்த இரண்டு வரியைப் பற்றி மெர்வி யாரிடமும் மூச்சு விடவில்லை. தர்மோவும் இல்போவும் எழுந்து போன பிறகு கோப்பையைக் கையில் பிடித்தபடி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி அதைப் போட்ட?"

"பேக்கரிக்கு நடக்கச் சோம்பல். வேற என்ன?"

"ம்." காபியை ஒரு வாய் குடித்தாள். "நீ அதைப் போட்டது காலைல ஆறு முப்பத்தெட்டுன்னு பதிவுல இருக்கு."

"அதுக்கென்ன?"

"அந்த நேரத்துக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கற உன் வீட்டுலேர்ந்து வண்டியே கிடையாதே. எப்படி வந்த?"

நான் பன்னில் இருந்த சர்க்கரைத் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மிந்து."

"ஸ்கீ மாட்டிட்டு, ஏரிப் பனிமேல சறுக்கி."

"எத்தனை கிலோமீட்டர்?"

"எட்டு" என்றேன். "காத்து வேற எதிர்ல."

"பேக்கரி" என்றாள் மெர்வி, "இருநூறு மீட்டர்."