வியாழக்கிழமைத் தண்ணீர்

பௌர்ணமியன்று வெறுங்காலோடு மலையைச் சுற்றிவருகையில், அடி அண்ணாமலையில் டீ குடிக்க நின்றபோதுதான் என் மனைவி செல்வி பின்னால் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் நடந்துவந்த தார்ச்சாலையில் விட்டுவிட்டு ஓர் ஈரத் தடம் தெரிந்தது. அது என் இடது காலில் வந்து முடிந்தது. பாதத்தைத் திருப்பினேன். சுண்டு விரலுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டு புதைந்திருந்தது.

"வலிக்கலியா?"

"இல்லியே."

"சாமி பாத்துக்கிச்சு," என்றார் டீக்கடைக்காரர்.

எனக்கும் நிம்மதியாக இருந்தது. வலி இல்லை என்பதற்காக நிம்மதி அடைந்ததே என் முதல் தவறு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. சமூகவியல் படித்துவிட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முதியோர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் என் கண்களை மூடச் சொன்னார். பேனா முனையால் தொடுவதாகவும், தொடும்போது சொல்லுமாறும் கூறினார். நான் காத்திருந்தேன்.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சிட்டேன்."

கணுக்காலுக்குப் பின்னால் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. கெண்டைக்காலில் நான் தேமல் என்று நினைத்திருந்த வெளிறிய படை தேமல் அல்ல. தொழுநோய். கூட்டு மருந்துச் சிகிச்சை (பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை) இரண்டாண்டுகள் நடக்கும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் நிலை போய்விடும் என்று மருத்துவர் இருமுறை சொன்னார். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தனக்கு இந்த நோய் இருப்பது இன்றுதான் தெரியவந்திருக்குமானால், அவர்களுக்காக நானும் இருமுறை சொல்கிறேன். மருந்து தொடங்கிவிட்டால் பரவாது. பரவாது. பரம்பரை நோயும் அல்ல.

"கிருமி செத்துடும். போன உணர்ச்சி திரும்பறது கஷ்டம். கால நீங்கதான் பாத்துக்கணும்," என்றார். அதைக் கற்றுக்கொடுக்க வியாழக்கிழமைதோறும் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருவர் அமர்ந்திருப்பார்கள் என்றும் சொன்னார்.

நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்த வயதான தம்பதி. ஜேக்கப் ஐயா ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். எஸ்தர் அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். தங்கள் திருச்சபையின் மூத்த மிஷனரிகளாக, சொந்தச் செலவில், ஒன்றரை ஆண்டு ஊழியத்துக்கு வந்தவர்கள். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தார்கள்.

அந்த முதல் வியாழக்கிழமை ஜேக்கப் ஐயா என் முன்னால் தாழ்வான முக்காலியில் அமர்ந்து, பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர் வைத்து, என் காலை அதில் எடுத்துவைத்தார். அரை மணி ஊறவேண்டும். பிறகு தடித்த தோலைக் கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, பாதம் முழுவதும் காயம் தேடவேண்டும். அவர் தேய்க்கும்போது நான் அவர் முகத்தைக் கவனித்தேன். உதடுகள் ஓசையின்றி அசைந்துகொண்டிருந்தன.

கல்லூரி நூலகத்தில் பைபிள் படித்தவன் நான். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியது எனக்குத் தெரியும். இது சிகிச்சை அல்ல, சடங்கு என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துல உங்க கால நான்கூட இவ்ளோ நேரம் பாத்ததில்ல. பாவம் அந்தப் பெரியவரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரித்தேன். அந்தத் தாழ்வாரத்துக்கு வரும் முனுசாமி என்ற கூலித்தொழிலாளியைப் பேருந்து நிலையத்தில் மடக்கிக் கேட்டேன். "உங்கள சர்ச்சுக்குக் கூப்பிட்டாங்களா?"

"கூப்டாங்க. போனேன். கேக்கு குடுத்தாங்க, துன்னுட்டு வந்துட்டேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு இன்னா சார், கால்ல நோவா, இல்ல சந்தேகமே நோவா?"

நான் தேடிய சான்று கிடைத்துவிட்டது. அதன்பின் வியாழக்கிழமைகளில் போகவில்லை. மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அது அரசின் மருந்து, அதில் உள்நோக்கம் இல்லை என்று பிரித்துவைத்திருந்தேன். எங்கள் வகுப்புக்கு வந்தவர்களை எங்கள் அமைப்பின் பேரணிகளுக்கு நானே வேனில் ஏற்றிச் சென்றிருக்கிறேன். அதை உள்நோக்கம் என்று அப்போது நினைத்ததில்லை.

எஸ்தர் அம்மா ஒருமுறை வீடு தேடி வந்தார். தெருவில் நாலு பேர் கேட்பார்களே என்ற அச்சத்தில், வாசலிலேயே நிற்கவைத்து, "கால் நல்லா இருக்குங்க" என்று அனுப்பிவிட்டேன். பௌர்ணமிகளில் எல்லோரையும் போல வெறுங்காலோடுதான் மலையைச் சுற்றினேன்.

ஐந்தாவது மாதம் செல்விக்கு வீட்டில் நாற்றம் அடித்தது. எலி செத்திருக்கும் என்று பரணைக் காலி செய்தாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். கடைசியில் என் காலடியில் வந்து நின்றாள். தடித்த தோலுக்கு அடியில் புண் எலும்புவரை போயிருந்தது. அப்போதும் வலி இல்லை.

சீழ் எலும்பைத் தின்றிருந்தது. சுண்டு விரலை எடுத்தார்கள். இதே நிலைமை நீடித்தால் அடுத்தது பாதம் என்றார் மருத்துவர்.

கட்டோடு படுத்திருந்தபோது ஜேக்கப் ஐயா வந்தார். நான் நேராகவே கேட்டேன். "எங்கள மதம் மாத்தத்தானே இதெல்லாம் செய்யறீங்க?"

அவர் கோபப்படவில்லை. சிறிது யோசித்தார். "ஆசை உண்டு மக்கா. இல்லேண்ணு சொன்னா பொய்யாயிரும். ஆனா அது குழாய்த் தண்ணியாக்கும். நம்பிக்கை இல்லேண்ணா நீயே பிடிச்சிட்டு வா."

அவர் போனபின் செல்வி என்னைப் பார்த்தாள். "அந்த அய்யாவ சந்தேகப்பட்டீங்க. அந்தம்மாவ வாசலோட அனுப்புனீங்க. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு பொய் சொன்ன கால மட்டும் நம்பிட்டீங்க."



புண் ஆறியதும் வியாழக்கிழமைகளில் போனேன். முதல் நாள் தண்ணீரை நானே குழாயில் பிடித்துக்கொண்டு போனேன். அவர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். ஊழியக் காலம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்வரை என்னைச் சர்ச்சுக்கு அழைக்கவே இல்லை. அது எனக்குக் காட்டிய மரியாதையா, என்னைக் கைவிட்டதா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். அவர் உதடுகள் ஏன் அசைந்தன என்று மட்டும் நான் கேட்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நோய் போய்விட்டது, பாதம் மிஞ்சியிருக்கிறது. மென்ரப்பர் செருப்போடுதான் மலையைச் சுற்றுகிறேன். "சாமி வழியில செருப்பா?" என்று யாராவது அதட்டுவார்கள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு நடப்பேன்.

என் நாளுக்கு இப்போது வேறு அளவு. மாலையில் அந்த அரை மணி முடியும்வரை அன்றைய நாள் முடிவதில்லை. மற்றவர்கள் உடலை உள்ளிருந்து அறிகிறார்கள். என் இடது காலை நான் வெளியிலிருந்து, கண்ணாலும் விரலாலும் மட்டுமே அறிகிறேன். அது சொல்வதை நான் கேட்பதில்லை. பார்க்கிறேன்.

போன வாரம் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செல்வி கேட்டாள். "என்னா முணுமுணுக்கறீங்க?"

என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. எதையும் விட்டுவிடக்கூடாது என்று இடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். குதிகால், நடுப்பாதம், விரல்களின் அடி, பிறகு விரல்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.