கண் தவறும் மந்திரம்

1991இல் மண்ணூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் ரப்பர் வாஷர்களுக்குக் கத்தரியால் ஓரப் பிசிறு வெட்டினேன். மேசைக்கு நான்கு பெண்கள். வேலை கைக்குத்தான், வாய் சும்மா இருந்தது. எதிரே இருந்தவள் ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். கதையை அவள் நடத்துவாள். கதைக்குள் ஒருத்தி ராணி, ஒருத்தி திருடி. வாயே திறக்காத என்னை மந்திரக்காரி ஆக்கினாள்.

"அரக்கனைக் கொல்றதெல்லாம் வாணாம்க்கா. நமக்கு ஒதவுற மாதிரி மந்திரம் சொல்லு," என்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைக்க வேண்டும், அது அவள் சட்டம். ஈர விறகைப் பற்றவைக்கும் மந்திரம் செய்தேன். சொன்னவளுக்கு அன்று முழுக்கக் கை சில்லிட்டிருக்கும். நிற்காத பஸ்ஸை நிறுத்த ஒன்று. ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. சிரித்தார்கள். நான் பேசி யாராவது சிரித்தது அந்த மேசையில்தான்.

சூப்பர்வைசரைக் கேட்காமல் கக்கூஸுக்குப் போகக் கூடாது. ஆம்பளையிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு எழாது, அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அதற்காகவே கண் தவறும் மந்திரம் செய்தேன். சொன்னால் சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரியமாட்டோம்.

"வெலை இன்னா?" என்றாள் கதை நடத்துகிறவள்.

"கூட்டாளிங்க கண்ணுக்கும் தெரியமாட்டோம்."

"அய்ய, ரொம்ப ஜாஸ்திக்கா," என்றாள் ராணி.

அதற்குப் பிறகு மந்திரம் கதைக்குள் நிற்கவில்லை. கத்தரியை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் போதும். பக்கத்திலிருப்பவள் தன் வாஷர்களை என் இடத்தில் பரப்பி இரண்டு இடத்துக்கும் சேர்த்து வெட்டுவாள். நான் போய் வந்துவிடுவேன்.

ஒரு நாள் திரும்பும்போது என் இடத்தருகே சூப்பர்வைசர் நின்று, கத்தரியைத் தட்டுவது எதற்கு என்று அதட்டிக்கொண்டிருந்தார். கதை நடத்துகிறவள் அவசரமாகச் சொன்னாள்: "அவங்கதான் சார் மந்திரம்னு ஆரம்பிச்சாங்க."

"மந்திரக்காரியா? எங்க, என் முன்னாடி மறைஞ்சி காட்டு," என்றார் அவர். அடுத்த மூச்சிலேயே, "நாளையிலேர்ந்து வராத."

டிபன் பாக்ஸை எடுக்க மேசைக்குப் போனேன். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வைத்த விலை அது. ஆனால் கதைக்காக வைத்தது.

கொஞ்ச நாள் கழித்து வாலாஜாபாத் பஸ்ஸில் கதை நடத்துகிறவளைப் பார்த்தேன். "வெளையாட்டுக்குத்தானே சொன்னேன், தப்பா நெனைச்சிக்காதக்கா," என்றாள். விளையாட்டு நின்றுவிட்டதா என்று கேட்க நினைத்தேன். நான் கேட்காமலே சொன்னாள்.

"ஒன் எடத்துக்குப் புதுசா ஒருத்தி வந்துகீறாக்கா. ஒன் மந்திரத்தையேதான் சொல்றா. வெலைதான் வைக்கிறதில்ல."