இடது மூலையில் ஓர் இரும்பு மூடி

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு முக்கால் மணி நேரம் என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாற்காலி நல்ல நாற்காலிதான். அதன் மேல் எந்தப் புகாரும் இல்லை.

நடந்தது பாஸ்கெட்பால் மேட்ச். எங்கள் தொழிற்சாலைக்கும் ஆவடியில் இருக்கிற இன்னொரு தொழிற்சாலைக்கும். உனக்கும் பாஸ்கெட்பாலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம். போன வாரம் மூட்டைப்பூச்சியைப் பற்றி இரண்டு பத்தி புலம்பியவன், இந்த வாரம் விளையாட்டுக்குத் தாவினால் சந்தேகம் வரத்தானே செய்யும்? நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டைம் ஆபீஸ் கிளார்க் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மனமகிழ் மன்றத்தின் விளையாட்டுச் செயலாளரும் நான்தான் என்பது தெரியாது. நான் சொல்லிக்கொள்வதில்லை. போன வருஷம் ஆறு டீம் ஆடியதில் நாங்கள் ஆறாவது... இதை யார் வெளியே சொல்வார்கள்?

ஆறாவதாக வந்ததும் மேலிடத்தில் கூப்பிட்டு, டீமைப் புதிதாகக் கட்டுங்கள் என்றார்கள். சொல்வது சுலபம். பழைய ஆட்களில் ஒருவருக்கு முட்டி போய்விட்டது, ஒருவருக்குத் தொப்பை வந்துவிட்டது. மிச்சமிருந்த இளவட்டங்களில் ஆடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் கேஷுவல், அதாவது இன்னும் நிரந்தரமாகாத தொழிலாளிகள்.

ஒருவன் பெஞ்சமின். முத்தாபுதுப்பேட்டைக்காரன். ஆறடி இரண்டு அங்குலம். நின்ற இடத்திலிருந்தே எகிறி வளையத்தைத் தொட்டுவிடுவான். பந்துதான் அவன் கையில் தங்காது. இன்னொருவன் ஏழுமலை. அண்ணனூர். ஆள் குட்டை, கால் மின்சாரம். அவனுடைய அப்பா அந்தக் காலத்தில் நடவு செய்த வயலில்தான் இன்றைக்கு எங்கள் தொழிற்சாலை நிற்கிறது. வயல் போனது, பிள்ளைக்கு வேலை வந்தது. இன்னும் இரண்டே மாதம் இடைவெளி விடாமல் வேலைக்கு வந்துவிட்டால் அவனுக்கு நிரந்தர உத்தரவு கையில் கிடைத்துவிடும். குமணன்சாவடியில் பெண் பார்த்து நிச்சயமும் செய்திருந்தார்கள். மாசியில் உத்தரவு, வைகாசியில் கல்யாணம். பெண்ணின் அப்பா போட்ட நிபந்தனை அது.

இந்த நேரத்தில்தான் ஆவடிக்காரர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். அவர்களிடம் மணவாளன் என்று ஓர் அனுபவசாலி. வீடு அம்பத்தூரில் இருப்பதால் இங்கே வந்துவிட ஆசைப்படுகிறார். அவரை நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு எங்கள் இளவட்டங்களில் ஒருவரை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் பர்சனல் ஆபீசர் உடனே தலையாட்டிவிட்டார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் பொறுப்பு செயலாளர் தலையில் விழுந்தது. என் தலையில்.

அனுப்பப்படுகிறவனுக்கு என்ன ஆகும்? அங்கேயும் அவன் கேஷுவல்தான். நாட்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நாட்களை எண்ணிக் குறிப்பதே என் பிழைப்பு.

எங்கள் கேப்டன் துரைராஜ், ஃபிட்டர், பன்னிரண்டு வருஷமாக ஆடுகிறவர், முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "குட்டையா கீறவன எவ்ளோ இழுத்தாலும் நீள மாட்டான் சார். பெஞ்சமின வெச்சிக்கலாம்." நானோ நேர்மையான ஆசாமி. அப்படியெல்லாம் ஒரே அடியாக முடிவு கட்டக்கூடாது, முறையாகப் பரீட்சை வைக்க வேண்டும் என்றேன். நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். உயரம், ஓட்டம், வலது கை, இடது கை, குணம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். இரண்டு வாரம் ஷிப்ட் முடிந்த பிறகு மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போட்டேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தோற்றார் போங்கள்.

மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தளம். அதில் ஒரு பக்கத்து வளையத்தை ஒரு லாரி ரிவர்சில் வந்து சாய்த்துவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆகவே பயிற்சியெல்லாம் மிச்சமிருந்த ஒரே வளையத்தில்தான். அந்த வளையத்துக்கு இடது பக்கத்தில், தளத்துக்கு அடியில் கேன்டீன் சாக்கடை ஓடுகிறது. அதற்கு ஓர் இரும்பு மூடி. மூடி தரையைவிட ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கும். போன வருஷம் துரைராஜுக்கு அதில் கால் மடங்கி, இரண்டு வாரம் வீட்டில் கிடந்தார். சரிசெய்யச் சொல்லி சிவில் பிரிவுக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை. பிறகு நானும் மறந்துபோனேன்.

பரீட்சைக்கு வருவோம். ஏழுமலை ஓட்டத்தில் பத்துக்கு ஒன்பது. வலது கை ஒன்பது. ஆனால் பந்தை எடுத்தால் வலது பக்கமாகவே போவான். வழியை மறித்து இரண்டு பேர் நின்றாலும் சரி, வலது பக்கம்தான். இடது பக்கம் ஹோவென்று காலியாகக் கிடக்கும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இரண்டு வாரமும் இதே கதை. ஒற்றைக் கை ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு என்ன டீம் கட்டுவது? 'இடது கை: இல்லை' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். அவன் கல்யாணம் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. விளையாட்டு வேறு, கல்யாணம் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்கழியில் காகிதம் போனது. ஏழுமலையைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் வாக்குவாதம் ஒன்றும் செய்யவில்லை. "சரி சார்" என்றான். போய்விட்டான்.

மணவாளன் வந்து சேர்ந்தார். தங்கமான மனிதர். பத்து நிமிஷம் பிரமாதமாக ஆடுவார், அப்புறம் சோடா கேட்பார். புதிதாகக் கட்டுகிறோம் என்று கிளம்பி, பழைய செங்கல் வாங்கி வந்த கதைதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள்.

ஆவடி மைதானம் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஏழுமலை அவர்கள் டீமில் இறங்கினான். அவனைப் பற்றிக் கவலையே வேண்டாம், வலது பக்கத்தை மட்டும் அடைத்துவிடுங்கள் என்று நான்தான் துரைராஜுக்கு யோசனை சொல்லியிருந்தேன். நோட்டுப் புத்தகம் மடியிலேயே இருந்தது. துரைராஜும் பெஞ்சமினும் வலது பக்கத்தைச் சுவர் மாதிரி அடைத்தார்கள். முதல் பந்து அவன் கைக்கு வந்தது. இடது பக்கமாகப் போனான். இடது கையால் போட்டான். கூடை.

ஏதோ குருட்டாம்போக்கில் விழுந்தது என்று நினைத்தேன். அடுத்ததும் இடது பக்கம். அதற்கடுத்ததும். துரைராஜ் ஆட்டத்தின் நடுவிலேயே திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். தோற்றோம். எவ்வளவில் தோற்றோம் என்று கேட்காதீர்கள். ஆவடிச் செயலாளர் வேறு கைகுலுக்கிக்கொண்டே, "இடது கை இல்லாத பசங்க வேற யாராச்சும் உங்ககிட்ட கீறாங்களா சார்?" என்று விசாரித்தார். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

கூட்டம் கலைந்ததும் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஏழுமலையைப் பிடித்தேன். ஏம்பா, இந்த இடது கையை இத்தனை நாளாக எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். தப்புச் செய்தவனுக்குத்தானே கோபம் முதலில் வருகிறது?

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"நம்ம கிரவுண்டுல அந்தாண்ட இரும்பு மூடி கீது இல்ல சார். அதுல கால் மடங்கினா பத்து நாளு ஊட்டுல குந்திக்கினு இருக்கணும். தொர அண்ணாத்தே பர்மனென்ட்டு, அவுருக்கு லீவு கீது. நான் கேஷுவலு. பத்து நாளு வரலன்னா என் கணக்கே பூடும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டான். "அதுவும் இல்லாம, எடது மூலைல யாரும் ஆடக்கூடாதுன்னு நீங்கதான சார் நோட்டீஸ் ஒட்டி வெச்சிருந்தீங்கோ."

ஒட்டியிருந்தேன். துரைராஜுக்கு அடிபட்ட வாரம். என் கையெழுத்தோடு. ஒட்டியவனே மறந்துபோன நோட்டீஸை ஒருத்தன் தினமும் படித்து அதன்படி நடந்திருக்கிறான். அதற்கு நான் சிவப்பு மையில் அடிக்கோடு.

கல்யாணம் எப்போது என்று ஏதோ கேட்டு வைத்தேன். அதை ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது. பெண் வீட்டில் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். உத்தரவு வர வேண்டிய நேரத்தில் ஒரு கம்பெனி ஆளை வெளியே அனுப்புகிறது என்றால் சும்மாவா அனுப்பும்? திருடினானோ, யாரையாவது அடித்தானோ... ஊர் பேச ஆரம்பித்துவிட்டதாம். அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். பந்துக்காக அனுப்பினார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

திங்கட்கிழமை காலையில் பர்சனல் ஆபீசர் முன்னால் போய் நின்றேன். காகிதம் போனது போனதுதான் என்றார். ஆவடிக்காரர்கள் அவனைத் திருப்பித் தரப்போவதும் இல்லை. தர அவர்களுக்கென்ன பைத்தியமா? வீட்டுக்கு வந்து கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் ஒரே வார்த்தை. "இங்க நடக்கிற நடைய குமணன்சாவடிக்கு நடந்திருந்தா, அந்தப் பொண்ணு வீடாவது வந்திருக்கும்."

புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினேன்.

பெண்ணின் அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று ஆரம்பித்தேன். அப்புறம் எதற்கு அனுப்பினீர்கள் என்றார். சொன்னேன். பரீட்சை, மார்க், நோட்டீஸ், மூடி... எதையும் விடவில்லை. அவனிடத்தில் ஏன் இடது பக்கம் போவதில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதில் ஒரு முன்பின் தெரியாதவர் வீட்டில் உட்கார்ந்து, நான் ஒரு முட்டாள் என்று நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன். மனிதர் அந்தச் சிவப்புக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பையன் கைசுத்தமா?" என்று கேட்டார்.

சுத்தம் என்றேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை, அந்தக் கணக்கு என் கையில் இருக்கிறது என்றேன். அவர் எதிரே உட்கார்ந்தார்.

வைகாசி முடியாது, புது இடத்தில் உத்தரவு வரட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு மூடிக்காக மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை யார் கணக்கில் எழுதுவது? என் கணக்கில்தான்.

காபி வந்தது. எழுந்து கிளம்பும்போது உள்ளேயிருந்து ஒரு குரல். பெண்தான். எங்கள் பேச்சு முழுவதையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நைனா, அந்த மூடிய இப்பவாச்சும் சரி பண்ணாங்களான்னு கேளு."

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன். மேட்ச் போனதற்கு வருத்தப்பட்டேன், மானம் போனதற்கு வருத்தப்பட்டேன், ஏழுமலைக்காகவும் நிஜமாகவே வருத்தப்பட்டேன். அந்த மூடி அங்கேயே நிற்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அடுத்து இன்னொரு கேஷுவல் பையன் அங்கே வந்து ஆடுவான் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

வியாழக்கிழமை சிவில் பிரிவு வாசலில் போய் நின்றவன், ஆளைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் திரும்பினேன். நேற்று வேலை முடிந்தது. நோட்டீஸையும் நானே கிழித்துப் போட்டேன்.

மூடி இப்போது தரையோடு தரையாக இருக்கிறது. இடது பக்கமாகப் போய்க் கூடை போடத்தான் எங்களிடம் ஆள் இல்லை.