இல்லாத பேக்கரிக்கு இடதுபுறம்

அமெரிக்காவிலேயே மிகச் சிறிய மாநிலமான எங்கள் ரோட் ஐலண்டைக் காரில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். தாண்டியதே தெரியாமல் தாண்டிப்போனவர்கள் ஏராளம். அப்படி யாரும் போய்விடக் கூடாது என்று இருபத்தாறு வருடமாக ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் ஃபிலோமினா ரெபெலோ. ஊருக்கெல்லாம் மேனா.

வெக்கனாக் படகுத்துறையில் பயணிகளுக்கு வழி சொல்லும் ஜன்னல் அது. நான் அதே கட்டடத்தில் தீவுப் படகுக்கு டிக்கெட் கிழிப்பவள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் சொல்வது அத்தனையும் எனக்குக் கேட்கும்.

"சிப்பி சூப் குடிக்கணுமா? தெளிவா இருக்கும் பாருங்க, அதுதான் நம்மது. வெள்ளையா பால் ஊத்திக் குடுத்தாங்கன்னா எழுந்து வந்துடுங்க. அது பாஸ்டன்காரங்க பண்ற அநியாயம்."

இப்படித்தான் பேசுவாள். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அவளுடைய கர்வம் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அவள் வழி சொல்லும் விதம் எங்கள் ஊர் விதம். நாங்கள் எவரும் தெருப் பெயர் சொல்லமாட்டோம். அங்கே முன்பு என்ன இருந்ததோ அதைச் சொல்வோம். பால் பண்ணை இருந்த முனையில் வலது பக்கம், பள்ளிக்கூடம் இருந்த மேட்டில் நேராக. எங்களுக்குள் ஒருவரும் வழி தவறியதில்லை.

ஜூன் மாதக் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. ஒஹாயோவிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார். மகளுக்குக் கலங்கரை விளக்கத்துப் புல்வெளியில் திருமணம். மேனாவிடம் வழி கேட்டிருக்கிறார். "சல்லிவன் பேக்கரில இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்த பேக்கரி எரிந்துபோய் இருபது வருடமாகிறது. மனிதர் இல்லாத கடையைத் தேடி முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறார்.

'என் மகளின் கையைப் பிடித்து மணமேடைக்கு நான் அழைத்துப் போகவில்லை. என் மைத்துனர் அழைத்துப் போனார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.'

மேனா அதை மூன்று முறை படித்தாள். பிறகு தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒரு அப்பனோட கையை நான் தட்டிவிட்டுட்டேன்" என்றாள். அன்று முழுக்க யாரிடமும் பாஸ்டன் சூப்பைத் திட்டவில்லை.

மறுவாரம் மேலதிகாரி வந்தார். ஆல்டன் டட்டில், பக்கத்து மாநிலமான கனெக்டிகட்காரர். குரல் உயர்த்தாதவர், அதனாலேயே பயமாக இருக்கும்.

"செப்டம்பர் முதல் வாரம் முடிவு பண்ணணும் அம்மா. ஜன்னலை மூடிட்டு ஒரு திரை வெச்சுடலாம்னு மேல சொல்றாங்க. விரல் வெச்சா வழி காட்டும். அதுவரைக்கும் சாலை எண்ணை மட்டும் சொல்லுங்க." ஒரு பட்டியலை நீட்டினார்.

மேனா பட்டியலைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். பிறந்ததிலிருந்து போய்வரும் சாலைகளுக்கு எண் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். மூன்றாம் நாள் ஒரு குடும்பத்தைக் கடற்கரைக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள்.

"ஊர் குப்பைக் கிடங்கு ரொம்ப சுத்தமா இருந்துச்சும்மா" என்றார் அந்த வீட்டுக்காரர். "கடல் மட்டும்தான் தெரியலை."

அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். அவள் கணவன் லூசியோ கடலடி மணலைக் கிளறிச் சிப்பி வாருகிறவன். அதிகம் பேசமாட்டான். குளிர்ந்த பாலில் காபிப் பாகு கலந்த டம்ளரை அவள் முன்னால் நகர்த்திவிட்டுச் சொன்னான்:

"பேக்கரி இல்லைங்கறதுதானே குறை?"

"எரிஞ்சதைக் கட்டப்போறியா நீ?"

"கட்ட வேண்டாம். இருந்துச்சுன்னு எழுதி வெச்சா போதும்."

உடைத்துப் போட்டிருந்த பழைய படகின் பலகைகளை எடுத்தான். நீலம் பூசி, வெள்ளையில் எழுதினான்: 'சல்லிவன் பேக்கரி இருந்த இடம்.' அந்த முனைவீட்டு ஆக்னஸ் கோட்டியர் தன் முன்வாசல் புல்லில் நட்டுக்கொள்ள உடனே சம்மதித்தாள். அடுத்து பால் பண்ணை. அடுத்து பள்ளிக்கூடம்.

பிறகுதான் வினை. ஊரே ரெபெலோ வீட்டு வாசலுக்கு வந்தது.

"எங்க அப்பாவோட செருப்புக்கடை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதே முனைல அதுக்கு முன்னாடி எங்க தாத்தாவோட லாயம் இருந்துச்சு. அதை முதல்ல எழுது."

"குதிரை செத்து எழுபது வருஷம் ஆச்சுடா. எந்தப் பயணி கேக்கப்போறான்?"

ஒரு முனையில் மூன்று பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆகஸ்டுக்குள் நாற்பத்தொரு பலகைகள். பயணிகள் அவற்றின் முன் நின்று படம் பிடித்தார்கள். மேனா பட்டியலை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு, பழையபடி சொல்ல ஆரம்பித்தாள். ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொல்லவில்லை. ஆனால் மேலிடத்துக்கு இது எதுவும் தெரியாது.

செப்டம்பர் முதல் வியாழன் காலை டட்டில் வந்தார். கையில் உறை. ஜன்னலுக்கு வெளியே, வரிசையில், பயணியைப் போல நின்றார். அவர் முறை வந்தது.

"கலங்கரை விளக்கத்துக்கு எப்படிப் போகணும்?"

மேனா அவர் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். சாலை எண்ணைச் சொன்னால் ஒருவேளை வேலை தங்கும். ஒரு கணம் பட்டியல் கிடந்த மேசை இழுப்பறையைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடம் இருந்த மேட்டுல நேராப் போங்க சார். சல்லிவன் பேக்கரி இருந்த இடத்துல இடது. அப்புறம் நேர் சாலைதான், கடல் வந்து உங்களை நிறுத்தும்."

அவர் போய்க் காரை எடுத்தார். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மேனா தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "தொலைஞ்சுட்டாரு. என் கதை முடிஞ்சுது" என்றாள். தன் கோப்பையையும் கம்பளிச் சட்டையையும் பைக்குள் வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஆறு பேருக்குத் தப்பான டிக்கெட் கிழித்தேன்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து டட்டில் வந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை.

"வழி தவறிட்டீங்களா சார்?" மேனா பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எட்டு நிமிஷத்துல போயிட்டேன். திரும்பும்போதுதான் தப்பு பண்ணினேன், பேக்கரிப் பலகையைப் படிக்கக் காரை நிறுத்திட்டேன். ஒரு அம்மா வெளிய வந்து, தீ எப்படிப் பிடிச்சுது, யாரு முதல்ல ஓடினாங்க, எல்லாத்தையும் சொன்னாங்க. நாலு சிப்பிப் பணியாரம் தின்ன வெச்சுத்தான் விட்டாங்க."

"ஆக்னஸா? அவ தீயணைப்பு வண்டி வந்ததோட நிறுத்தினாளா, இல்ல அதுக்கப்புறமும்..."

"அதுக்கப்புறமும்."

அவர் உறையை மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்தது ஜன்னலை மூடும் உத்தரவு. அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இது காலியாவே மேல போகும்" என்றார். "எங்க ஊர்ல சாலை எண்ணெல்லாம் சரியா இருக்கு அம்மா. யாரும் நின்னு படிக்கறதில்லை."

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக மேனா வேலை நேரத்தில் ஜன்னல் கதவைச் சாத்தினாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் விம்முவது எனக்குக் கேட்டது. வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முதலில் நின்ற கிழவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்வரை காத்திருந்தார்.