பார்த்திருக்கக் கூலி

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மூட்டை மிளகுக்கு இரண்டு கூலி உண்டு. தூக்குகிறவனுக்கு ஒன்று, தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்று. எங்கள் கிடங்கில் இரண்டாவதுதான் பெரியது. வெளியூரில் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். நோக்குகூலி என்று அதற்குப் பெயரே இருந்தது.

எழுபதுகளில் அப்பா கொச்சங்காடியில் ஒரு முதலாளியின் கிடங்கில் சுமை தூக்கினார். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவருக்குச் சங்கத்தில் இடமில்லை. அந்தத் தெருவின் சுமையெல்லாம் சங்கத்துச் சேட்டன்மாருக்கு உரிமைப்பட்டது. வெளியாளை வைத்துத் தூக்கினால் அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். முதலாளி மனம் கோணாமல் கொடுத்தார், அப்பாவின் கூலியில் பிடித்துக்கொண்டு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

சேட்டன்மாரைத் திட்ட எனக்கு வாய் வராது. அவர்களும் ஒரு காலத்தில் அரைக்கூலிக்கு முதுகொடிந்தவர்கள்தான். வாசல் பெஞ்சில் சங்கத்து நீலச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு ஒரு சாயா சொல்லாமல் அவர்கள் குடித்ததில்லை. நாங்கள் அவர்களைப் பார்த்துப் பொருமினோம், அவர்கள் எங்களைப் பார்த்துப் பொருமினார்கள். முதலாளி நிம்மதியாகத் தூங்கினார்.

அப்பாவுக்கு இருந்த ஒரே ஆசை சங்கத்துக் கார்டு. "கார்டு மட்டும் கெடச்சிட்டா இந்தக் கழுத்துக்கு விடிஞ்சிரும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கத்தில் ஒருவர் வேலையை விட்டார். சேட்டன்மாரே பேசி அந்த இடத்தை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது. அம்மா பாயசம் வைத்தாள். நாங்கள் குடியிருந்த முறி, அந்த ஒற்றை அறை, முதலாளியுடையது என்பது பாயசம் குடித்த யாருக்கும் நினைவில்லை.

முதலாளிக்கு இருந்தது. "கார்டு கிட்டினது சந்தோஷம். ஆனா என் முறியில இருக்கணும்னா வீட்டுல ஒருத்தன் என் சுமையத் தூக்கணும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, மனைவி முழுகாமல் இருந்தாள். எறணாகுளத்து ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் சும்மாட்டை என் தலையில் வைத்தேன்.

முதல் நாள், அப்பா நீலச் சட்டை போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு மூட்டை என் தலையில் ஏறியதும் கால் தடுமாறியது. அப்பா கை இரண்டையும் நீட்டிக்கொண்டு எழுந்து ஓடி வந்தார். பக்கத்திலிருந்த சேட்டன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, தொட வேண்டா. ஒராள் தொட்டா நம்மட எல்லாருடெ நோக்குகூலியும் போகும். இரிக்கி" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அப்பா உட்கார்ந்தார்.

சாயங்காலம் அப்பாவின் கூலி என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது. என்னிடம் பிடித்ததுதான் அவர் கைக்குப் போயிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். வழியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"கழுத்து நோவுதாலே?"

"இல்லப்பா" என்றேன். இத்தனை வருஷமும் அவர் அம்மாவிடம் சொன்ன பதில் அது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் போனோம். போகாமல் தீராது. வாசலில் பெஞ்சு திரும்பிக் கிடந்தது, கிடங்குக்கு முதுகும் தெருவுக்கு முகமுமாக. யார் திருப்பிப் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா உட்கார்ந்தார், சேட்டன்மாரும் அவரோடு தெருவைப் பார்த்து உட்கார்ந்து சாயா குடித்தார்கள்.

அதன் பிறகு அந்தப் பெஞ்சை யாரும் பழையபடி போடவில்லை. சாகிற வரைக்கும் அப்பா என் தலையில் இன்னொரு மூட்டையைப் பார்க்கவில்லை.