கறுத்த குப்பி

அவளுக்கு ‘சோப்பு அக்கா’ என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். காலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிப்போம். மதியத்துக்கு மேல் எனக்குத் தூக்கம், அவளுக்குச் சம்பளமில்லாத வேலை. வீடு வீடாகப் போய்க் கை கழுவச் சொல்வாள், கடற்கரைப் புதரை விட்டுவிட்டுக் கழிப்பறை கட்டச் சொல்வாள். ஊர் வம்பை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறேன்.

நாலு வருடம் நடையாய் நடந்து பத்தொன்பது வீட்டாரைச் சம்மதிக்க வைத்தாள். கடைசியாக மசிந்தது அவள் நாத்தனார். படகு கரையில் கிடக்கும் கோடையில்தான் ஆண்கள் கைக்குக் கிடைப்பார்கள் என்பதால் கழிப்பறைக் குழிகளையெல்லாம் கோடையிலேயே தோண்டினோம். ஓர் ஆள் ஆழம் போயும் மணலில் ஈரம் தட்டவில்லை. மழைக்காலத்தில் எங்கள் கிணறுகளில் குனிந்து கையாலேயே தண்ணீர் மொள்ளலாம். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். அந்தத் தண்ணீர் குழிக்குள்ளும் ஏறும் என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

மழை வந்தது. நாத்தனார் மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டு, ஐந்து மாதக் கரு கலைந்தது. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே இவள் கிணறு கிணறாகப் போய்ச் சோதனைக் குப்பிகளில் தண்ணீர் பிடித்து வைத்தாள். கறுத்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் நாள் எல்லாமே கறுத்திருந்தன, அவள் வீட்டுக் கிணறு உட்பட.

அந்தக் குப்பியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவள் ஊரில் அவள் ஒருத்திதான். காய்ச்சிக் குடிக்கச் சொல், பழியை மழைமேல் போடு என்று நான் புத்தி சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

“நான் எது சொன்னாலும் நம்பிடுவாங்க. அதான் பயமா இருக்கு,” என்றாள்.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் பெண்களைக் கூட்டி, குழியிலிருந்துதான் மலம் கிணற்றுக்குப் போயிருக்கிறது, தோண்டச் சொன்னது நான், இனி அதில் போகாதீர்கள் என்றாள். உள்ளறையில் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாத்தனார் எழுந்து அவளிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.

மறுநாள் விடிவதற்குள் தெருப் பெண்கள் எல்லோரும் பழையபடி புதருக்குக் கிளம்பினோம். அவள் வீட்டு வாசலில் நாத்தனார் மட்டும் நின்று கதவைத் தட்டினாள்.

“அண்ணி, உங்க வீட்டுலயும் போகக் கூடாதுல்ல? வெளிச்சம் வர்றதுக்குள்ள வாங்க.”

அவள் வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், எங்களுக்குப் பின்னால் கடைசியாக நடந்தாள்.