காஜா மச்சான் ஒட்டும் பட்டை

எங்கள் அக்கா ஜெபீனாவைக் கட்டிய காஜா மச்சானைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவருக்கு ஒரு கடை. ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு, கம்ப்யூட்டர் அவருடையது. ஒரு கையில் மிளகாய் பஜ்ஜி, இன்னொரு கையில் மவுஸ். அந்த எண்ணெய்க் கையாலேயே ஸ்கேனர் கண்ணாடியைத் தொடுவார். துடைத்துத் துடைத்து என் கைதான் தேய்ந்தது.

முன்பு செல்போன் கவர் விற்றவர். எல்லா விண்ணப்பமும் ஆன்லைன் என்று ஆனதும் கவரையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, 'போட்டோவை பிடிஎஃப் ஆக்கித் தரப்படும்' என்று போர்டு மாட்டினார். கூட்டத்துக்குக் குறைவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், வடக்கனந்தல்காரர்கள், எல்லோரும் சான்றிதழைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். பாயில் வைத்து எடுத்தது, கட்டைவிரலோடு எடுத்தது, ஓரத்தில் கோழி நிற்பது. மச்சான் எதையும் உற்றுப் பார்க்க மாட்டார். வெட்டுவார், சைஸைக் குறைப்பார், பிடிஎஃப் ஆக்குவார், ஏற்றிவிடுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற பழக்கமே கிடையாது.

இதிலும் ஒரு வேலை செய்வார், அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பட்டை ஒன்றை வைத்து, அதில் கடைப் பேரும் போன் நம்பரும் போடுவார். யாருடைய சான்றிதழாக இருந்தாலும் சரி, இவர் விளம்பரம் இல்லாமல் வெளியே போகாது. "ஓசி விளம்பரம், ஷாஜியா" என்று பெருமை வேறு. அடுத்தவன் வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிற புத்தி.

போன வருஷம் வெள்ளிமலையிலிருந்து சின்னப்பன் என்பவர் தன் மகள் அனிட்டாவோடு வந்தார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம், அன்றுதான் கடைசி நாள். சீட் கிடைத்தால் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கப் போகிறவள் அவள்தான். மலைப் பாதையில் வாந்தி எடுத்து வெளுத்த முகத்தோடும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தது. மச்சான் போன் படங்களை வாங்கி, மளமளவென்று மாற்றி ஏற்றிவிட்டு, "முடிஞ்சிச்சு, போங்க" என்றார்.

ஒரு மாசம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். விண்ணப்பம் தள்ளுபடி. டி.சி.யில் தலைமையாசிரியர் கையெழுத்தும் சீலும் இல்லையாம்.

சின்னப்பன் அசல் டி.சி.யை மேஜைமேல் விரித்தார். "சீல் இருக்குதுங்களே தம்பி, பாருங்க."

அடியில் ஊதா மையில் பளிச்சென்று இருந்தது. மச்சான் பழைய பைலைத் திறந்தார். சீல் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கடைப் பேரும் போன் நம்பரும் இருந்தன.

அந்த மனுஷன் முகத்தில் ஒரு சொட்டு வெட்கமில்லை. "பட்டை கொஞ்சம் மேல ஏறிக்கினு போச்சு. இன்னா பண்றது? அடுத்த வருஷம் வாங்க, ஃப்ரீயா பண்ணித் தரேன்."

"சரிங்க தம்பி" என்றார் சின்னப்பன். அந்தச் 'சரிங்க'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் என் மனசாவது ஆறியிருக்கும்.

"அந்தப் பட்டைய எடுத்துத் தொலைங்க மச்சான்" என்று கத்திவிட்டேன்.

"எடுத்துட்டா நம்ம கடைன்னு எப்படித் தெரியும்? மேல போட்டுக்கலாம்." அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பட்டையைப் பக்கத்தின் தலைக்கு நகர்த்தினார். ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியில் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அனிட்டா டி.சி.யை எடுத்துக்கொண்டு என் மெஷின் பக்கம் வந்தாள். "அக்கா, இத ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க."

"இன்னாத்துக்கும்மா?"

"திருப்பூர் பனியன் கம்பெனில கேக்குறாங்க. நாளைக்கு வேன் வருது."

கண்ணாடியைத் துடைத்து, தாளை நேராக வைத்துப் போட்டேன். கையெழுத்து, சீல், வட்டத்துக்குள் இருந்த பள்ளிக்கூடத்துப் பேர், எல்லாமே எழுத்துப் பிசகாமல் விழுந்தது.

"ஷாஜியா, பின்னாடி நம்ம கடை ஸ்டாம்ப் குத்திக் குடு" என்றார் மச்சான், வாயில் பஜ்ஜியோடு.

நான் குத்தவில்லை. அனிட்டாவின் கையில் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய்க் காறித் துப்பினேன்.